பழைய அலாய் சக்கரங்களுக்குக் குறைந்த செலவில் வீட்டிலேயே வண்ணம் பூசும் முறை

பல ஆண்டுகள் ஓடிய அலாய் சக்கரம் ஒன்றின் அருகில் உட்கார்ந்து பார்த்தால், அது தோற்றத்தில் கெட்டிருக்கும் அளவுக்கு உண்மையில் கெட்டுவிடவில்லை என்பது தெரியும். சாலையோரக் கல்லில் உரசிய விளிம்பு சொரசொரத்துப் போயிருக்கும். ஆரக்கால்களின் மேலுள்ள கிளியர் கோட், அதாவது வண்ணத்தின் மேல் காப்பாக அடிக்கும் நிறமற்ற பூச்சு, மஞ்சள் ஏறி ஆங்காங்கே உரிந்திருக்கும். அதன் அடியில் புழு ஊர்ந்த தடம் போல வெண்கோடுகள் ஓடியிருக்கும். ஆயினும் பரப்பின் பெரும்பகுதியில் தொழிற்சாலையில் சூளையில் வாட்டிய வண்ணம் இன்னும் இறுகப் பற்றிக்கொண்டுதான் இருக்கும். அந்தப் பெரும்பகுதியை நம்பித்தான் இந்த வேலையைக் குறைந்த செலவில் செய்ய முடிகிறது. கெட்ட இடத்தை மட்டும் உலோகம் தெரியும்வரை தேய்த்துத் திறந்து, நல்ல இடத்தின் மினுமினுப்பை மட்டும் எடுத்துவிட்டு, இரண்டின் மேலும் ஒரே சீராகப் புதிய பூச்சை ஏற்றுவதே இங்கே சொல்லப்படும் முறை. பழைய வண்ணம் முழுவதையும் இரசாயனத்தால் உரிக்க முனைபவர்கள், வண்ணத்துக்கு அடியில் அடிப்பதற்காகத் தாங்கள் வாங்கக்கூடிய எந்தப் பிரைமரையும்விட உறுதியான ஓர் அடித்தளத்தைத் தாங்களே கழுவி விடுகிறார்கள்.

அந்த வெண்கோடுகளைப் பற்றி முதலில் விரிவாகச் சொல்ல வேண்டும். பயணிகள் வாகனங்களில் வரும் அலாய் சக்கரம் பெரும்பாலும், ஏறத்தாழ 7 விழுக்காடு சிலிக்கனும் மிகச் சிறிதளவு மக்னீசியமும் கலந்த அலுமினிய வார்ப்பு. செந்துரு பிடிப்பதில்லை என்பதால் அது அரிக்காது என்று நினைப்பது தவறு. ஒரு சிறு கல் தெறித்துப் பூச்சில் பொத்தல் விழுந்தால் போதும். அதன் வழியாக ஈரமும் உப்பும் உள்ளே போய், பூச்சுக்கும் உலோகத்துக்கும் நடுவில் இழை இழையாக அரிப்பு பரவத் தொடங்கிவிடும். இழையின் தலை அமிலத்தன்மையோடு முன்னேறிக்கொண்டே போகும்; வால்பகுதியில் வெண்தூள் சேர்ந்து மேலே உள்ள பூச்சைத் தூக்கும். கண்ணுக்குத் தெரியும் கோடு முடிகிற இடத்தில் அரிப்பும் முடிந்துவிட்டது என்று நம்பி அதுவரை மட்டும் தேய்த்தால், மிச்சமிருக்கும் இழை புதிய வண்ணத்தின் அடியிலும் தன் வேலையைத் தொடரும். கடைசலில் முகப்பைச் சீவி, பளபளக்கும் வெறும் உலோகத்தின் மேல் கிளியர் கோட் மட்டும் அடித்த சக்கரங்களில் இந்தத் தொல்லை மிக அதிகம். அந்தக் கடைசல் தோற்றத்தை வீட்டில் மீட்க வழியில்லை. அத்தகைய சக்கரங்களை ஒரே வண்ணத்துக்கு மாற்றுவது என்று முடிவெடுத்துவிட்டே வேலையைத் தொடங்க வேண்டும்.

பூசக் கூடாத சக்கரங்களும் உண்டு. கழற்றியவுடன் உட்புறத்தை நன்றாகக் கழுவி, உள்விளிம்பையும் ஆரக்கால்கள் நடுவட்டத்தோடு சேரும் மூலைகளையும் வெளிச்சத்தில் சுற்றிச் சுற்றிப் பாருங்கள். குழியில் இறங்கி அடிபடும் சக்கரம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத உள்விளிம்பில்தான் வெடிக்கிறது. மயிரிழை போன்ற வெடிப்பு ஒன்று இருந்தாலும் அதன் மேல் பட்டி வைத்து வண்ணம் அடிப்பது, அடுத்து அந்த வாகனத்தில் ஏறுபவரின் உயிரோடு விளையாடுவதாகும். விளிம்பு நெளிந்திருந்தாலும், யாரோ முன்பு பற்றவைத்த தழும்பு இருந்தாலும், டயர் அடிக்கடி காற்று இறங்கினாலும், அந்தச் சக்கரத்தை முதலில் இத்துறை தெரிந்தவரிடம் காட்டிவிடுங்கள். அரிதாகக் கிடைக்கும் அசல் மக்னீசியச் சக்கரங்களை வீட்டில் தேய்க்கவே வேண்டாம். அந்தத் தூள் எளிதில் தீப்பிடிக்கும்.

வண்டியிலிருந்து கழற்றும்போது ஜாக்கியை மட்டும் நம்பாமல், கீழே தாங்கு கட்டைகளை வைத்து அவற்றின் மேல் வண்டியை இறக்கி நிறுத்துங்கள். வண்டி அன்றாடம் தேவைப்படுகிறவர்கள் ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு சக்கரமாகச் செய்யலாம். ஆனால் பல ஸ்டெப்னிகள் குறைந்த வேகத்துக்கும் குறைந்த தூரத்துக்கும் மட்டுமே உரியவை என்பதால், அதன் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். புதிய டயர் மாற்ற வேண்டிய காலம் நெருங்கியிருந்தால் அதுவரை பொறுத்திருப்பதே என் அறிவுரை. பழைய டயரைக் கழற்றியபின் வெறும் சக்கரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து பூசி, ஒரு வாரம் நன்றாக இறுகவிட்டுப் புது டயர் மாட்டினால், விளிம்பின் மடிப்பு வரை தடையில்லாமல் வேலை செய்யலாம். டயரைக் கழற்றி மாட்டும் கூலியும் சக்கரம் ஆடாமல் சுழல எடை வைத்துச் சமன்செய்யும் பேலன்சிங் கூலியும் எப்படியும் ஒருமுறை கொடுக்க வேண்டியவையே; அவற்றை இந்த வேலைக்கென்று தனியாகக் கொடுக்க நேராது.

கழுவுவதற்கு அரை நாள் ஒதுக்குங்கள். சக்கரத்தில் ஒட்டியிருக்கும் பழுப்பு அழுக்கு வெறும் மண் அல்ல. பிரேக் தேய்மானத்திலிருந்து சூடாகத் தெறித்த இரும்புத் துகள்கள் பூச்சில் பதிந்து துருவேறியவை. முதலில் பாத்திரம் கழுவும் திரவமும் வெந்நீரும் பழைய பல்துலக்கியும் கொண்டு கைக்கு எட்டும் இடமெல்லாம் தேய்த்துவிடுங்கள். அதன்பின் இரும்புத் துகளைக் கரைக்கும் திரவத்தைத் தெளித்தால், அது இரும்பைத் தொடும் இடமெல்லாம் ஊதாநிறமாக மாறி வழியும்; நிறம் மாறுவது நின்றால் துகள் தீர்ந்தது என்று பொருள். ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் கலந்த சக்கரத் துப்புரவுத் திரவங்கள் வேகமாக வேலை செய்யும் என்பது உண்மை. ஆனால் அந்த அமிலம் தோலுக்குள் ஊடுருவி எலும்புவரை போய்க் கெடுக்கக்கூடியது. வீட்டில் அதற்கு இடமே கூடாது. காஸ்டிக் சோடா கலந்த அடுப்புத் துப்புரவுப் பொருள்கள் அலுமினியத்தையே கரைத்துக் கறுப்பாக்கிவிடும் என்பதால் அவற்றையும் விலக்குங்கள். கழுவிக் காய்ந்த பிறகு டயரின் பக்கச் சுவரை மறக்காமல் துடைக்க வேண்டும். டயருக்குப் பளபளப்பூட்டும் பாலிஷ்களில் பெரும்பாலும் சிலிக்கோன் இருக்கிறது; அது கைவழியாகவோ துணிவழியாகவோ சக்கரத்தில் ஒட்டிக்கொண்டால், அடித்த வண்ணம் மீன்கண் போன்ற சிறுசிறு வட்டங்களாக விலகி நிற்கும். நான் பூசிய முதல் சக்கரத்தில் இப்படி நேர்ந்தது. காரணம் தெரியாமல் மேலும் மேலும் வண்ணம் ஏற்றி, கடைசியில் எல்லாவற்றையும் தேய்த்து எடுத்து மறுபடி தொடங்கும்போதுதான் குற்றம் டயரைத் துடைத்த துணியில் இருந்தது எனக்கு விளங்கியது.

உப்புத்தாளால் தேய்க்கும் வேலைதான் மொத்த வேலையில் பாதிக்கு மேல். இதற்கு எந்திரம் தேவையில்லை; வளைவுகளும் மூலைகளும் நிறைந்த ஆரக்கால்களில் விரல்நுனி போகும் இடத்துக்கு எந்திரம் போகாது. கெட்ட இடங்களில் சொரசொரப்பு மிகுந்த எண் 80 தாளில் தொடங்குங்கள். விளிம்பில் கல் கீறியதால் எழும்பி நிற்கும் உலோக முட்களை முதலில் ஒரு மெல்லிய அரத்தால் மட்டம் செய்துவிட்டால் தாள் கிழியாது. வெண்கோடு தெரியும் இடத்தில், கோட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரு விரற்கடை அகலமாவது கூடுதலாகத் திறந்து, சாம்பல் புள்ளிகள் எதுவும் இல்லாத தூய உலோகம் தெரியும்வரை தேய்க்க வேண்டும். குழிந்த இடங்களில் வெண்தூள் தங்கியிருந்தால் தாளை மடித்து அதன் கூரால் சுரண்டி எடுங்கள். பிறகு எண் 150, 240, 320 என்று படிப்படியாக ஏறுங்கள். 80-லிருந்து நேராக 320-க்குத் தாவினால், முன்னதன் கீறல்கள் நிரம்பாமல் அப்படியே கிடந்து, மெட்டாலிக் வண்ணம் அடித்த பிறகு வெயிலில் பளிச்சென்று தெரியும்.

பழைய பூச்சும் திறந்த உலோகமும் சந்திக்கும் எல்லையில் ஒரு படி உருவாகும். அந்தப் படியைச் சரிவாகத் தேய்த்து மறைப்பதில்தான் கைத்தேர்ச்சி தெரிகிறது. கண்ணால் பார்த்து இதைத் தீர்மானிக்க முடியாது. கண்ணை மூடிக்கொண்டு விரல்நுனியை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். விரலுக்குத் தட்டுப்படும் படி எதுவாக இருந்தாலும் அது வண்ணத்திலும் தெரியும். கிளியர் கோட், வண்ணம், பிரைமர், உலோகம் என்று மரத்தின் ஆண்டு வளையங்களைப் போல நான்கு பட்டைகள் அகலமாக விரிந்து தெரிந்தால் சரிவு போதுமானது. நல்ல நிலையில் உள்ள மீதிப் பரப்பை எண் 400 வாட்டர் பேப்பரால் நீர் தொட்டுத் தேய்த்து மினுமினுப்பை முழுவதும் எடுத்துவிடுங்கள். மூலைகளுக்குச் சாம்பல்நிறத் தேய்ப்புப் பஞ்சு வசதியானது. எங்கேனும் ஒரு மினுக்கம் மிச்சமிருந்தால் புதிய பூச்சு அங்கே பற்றாது. முடிந்தவரை ஈரமாகத் தேய்ப்பது தூள் பறப்பதைக் குறைக்கும். உலர்வாகத் தேய்க்க வேண்டிய இடத்தில் தூசிக்கான முகக்கவசம் கட்டாயம்.

தேய்த்தும் போகாத ஆழமான கீறல்களுக்கு, இரண்டு பொருள் கலக்கும் பாலியெஸ்டர் பட்டி போதும். எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடு ஹார்டனர் (பட்டியை இறுகவைக்கும் பொருள்) சேர்த்து, நிறம் ஒரே சீராகும்வரை பிசைந்து, எண் 80 தாளால் சொரசொரப்பாக்கிய வெறும் உலோகத்தின் மேல் மெல்லியதாக அழுத்தி இழுங்கள். ஒரே தடவையில் தடிமனாக அப்புவதைவிட இரண்டு மெல்லிய தடவைகள் நல்லவை. டயரின் ஓரம் அமர்ந்து காற்றை அடைக்கும் உட்படியில் மட்டும் பட்டி வைக்கவே கூடாது.

அடுத்து மறைப்பு. டயர் மாட்டியே இருந்தால், காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, சீட்டுக்கட்டு அட்டைகளையோ பழைய அழைப்பிதழ்களை வெட்டிய துண்டுகளையோ விளிம்புக்கும் டயருக்கும் நடுவில் வரிசையாக, ஒன்றின் மேல் ஒன்று சற்றே ஏறியபடி செருகுங்கள். மாஸ்கிங் டேப் ஒட்டி வட்டமாக வெட்டுவதைவிட இது விரைவானது. விளிம்பின் கடைசி நூலிழை வரை வண்ணம் போய்ச் சேரும். வால்வுக்கு ஒரு துண்டு டேப் சுற்றுங்கள். பேலன்சிங் எடைகளை எடுக்காமல் இருக்க முடிந்தால் எடுக்க வேண்டாம். எடுத்தே ஆக வேண்டுமானால் பிறகு மீண்டும் பேலன்சிங் பார்த்தாக வேண்டும். இவற்றைவிட முக்கியமானவை இரண்டு இடங்கள். ஒன்று, வண்டியில் சக்கரத்தைத் தாங்கும் ஹப்பின் மேல் தட்டையாக அமரும் பின்முகப்பு. மற்றொன்று, நட்டு அழுந்தி உட்காரும் கூம்பு வடிவக் குழி. இந்த இரண்டிலும் புதிய வண்ணம் படவே கூடாது. முறுக்கிய நட்டின் அழுத்தத்தில் தடிமனான பூச்சு நாளடைவில் நசுங்கி மெலியும். அது மெலிந்த அளவுக்கு நட்டின் பிடிப்பு தளரும். நட்டுத் துளைகளுக்குள் பழைய நட்டுகளையோ சுருட்டிய காகிதத்தையோ அடைத்து வையுங்கள். துளையைச் சுற்றி ஓர் இழை அளவு வண்ணம் இல்லாமல் போனாலும் நட்டு அதை மறைத்துவிடும்.

வண்ணம் அடிக்கும் நாளைத் தேர்ந்தெடுப்பதில் பொறுமை வேண்டும். 15 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரை உள்ள, காற்று பலமாக வீசாத, உலர்ந்த நாளே ஏற்றது. மழைக்கால ஈரத்தில் அடித்தால் ஆவியாகும் தின்னர் பரப்பைக் குளிரவைக்க, காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து பூச்சு பால் போல வெளுத்துவிடும். நேர் வெயிலில் அடித்தால் துளிகள் பரவுவதற்குள் காய்ந்து ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளி புள்ளியாக நிற்கும். நிழலான, காற்றோட்டமுள்ள இடத்தில், கவிழ்த்த வாளியின் மேல் சக்கரத்தைப் படுக்கவைத்து, தரையில் சிறிது நீர் தெளித்துத் தூசியை அடக்கிவிட்டுத் தொடங்குங்கள். அருகில் நெருப்போ, தண்ணீர் சூடாக்கும் எரிவாயு அடுப்போ இருக்கக் கூடாது. கரிவடிப்பான் பொருத்திய முகக்கவசமும் நைட்ரைல் கையுறையும் அணியுங்கள். கையுறை உங்கள் தோலைக் காப்பது ஒருபுறம், உங்கள் விரல் எண்ணெயிலிருந்து சக்கரத்தையும் காக்கிறது. கடைசியாக ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட தூய துணியால் ஒருமுறை துடைத்து, அது காய்வதற்குள் உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தபின் எதையும் வெறுங்கையால் தொடாதீர்கள்.

தேய்த்துத் திறந்த அலுமினியம் காற்று பட்டவுடனேயே மீண்டும் ஆக்சைடு படலம் கட்டத் தொடங்கும் என்பதால், தேய்த்த அன்றே பிரைமர் ஏறிவிட வேண்டும். வெறும் உலோகம் தெரியும் இடங்களில் மட்டும், அலுமினியத்துக்கென்று குறிப்பிட்டுள்ள எட்ச் பிரைமரை ஒரு மெல்லிய படலமாக அடியுங்கள். அதில் உள்ள பாஸ்பாரிக் அமிலம் உலோகத்தைச் சற்றே அரித்துப் பற்றிக்கொள்ளும். பட்டி வைத்த இடத்தில் இது வேண்டாம். பட்டியும் இந்த அமிலமும் ஒத்துப்போவதில்லை. அதன்பின் சக்கரம் முழுவதற்கும் சாதாரண அக்ரிலிக் பிரைமரை இரண்டு மூன்று தடவைகள் ஏற்றுங்கள். நன்றாகக் காய்ந்ததும் எண் 600 வாட்டர் பேப்பரால் நீர் தொட்டு மட்டம் செய்யுங்கள். அதுவரை தெரியாத கீறல்கள் எல்லாம் இந்த ஒரே சீரான சாம்பல் நிறத்தில்தான் வெளிப்படும். அவற்றைப் பார்த்துவிட்டு வண்ணம் மறைத்துவிடும் என்று கடந்துபோகாதீர்கள். வண்ணமும் கிளியர் கோட்டும் எந்தக் கீறலையும் மறைப்பதில்லை, எடுத்துக்காட்டவே செய்யும்.

வண்ணத்துக்குச் சக்கரங்களுக்கென்றே விற்கும் அக்ரிலிக் ஸ்பிரே போதும். எஞ்சினுக்கும் சைலன்சருக்கும் உரிய உயர்வெப்ப வண்ணத்தைப் பலர் தேடி வாங்குகிறார்கள். அவற்றில் பல முழுவதும் இறுக அதிக வெப்பத்தில் வாட்டப்பட வேண்டியவை. இயல்பான ஓட்டத்தில் சக்கரத்தின் முகப்பு அந்த அளவுக்குச் சூடாவதில்லை. ஆகவே அவை இறுகாமல் மென்மையாகவே நின்றுவிடும். கேனுக்குள் குண்டு உருளும் ஒலி கேட்கத் தொடங்கியபின் மேலும் இரண்டு நிமிடம் குலுக்குங்கள். குளிர்ந்த நாளில் கேனைக் கை பொறுக்கும் வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் நிறுத்தினால் துளிகள் நுண்மையாக வரும். 50 டிகிரிக்கு மேல் சூடானால் கேன் வெடிக்கக்கூடும் என்பதால் கொதிநீரோ அடுப்போ கூடவே கூடாது.

அடிக்கும்போது 20 முதல் 30 சென்டிமீட்டர் தொலைவில் கேனைப் பிடித்து, மணிக்கட்டை வளைக்காமல் கை முழுவதையும் நகர்த்துங்கள். சக்கரத்துக்கு வெளியே பொத்தானை அழுத்தத் தொடங்கி, மறுபுறம் தாண்டியபின்தான் விடவேண்டும். ஒவ்வொரு வீச்சும் முந்தையதன் பாதியை மூடிச் செல்லட்டும். முதலில் ஆரக்கால்களின் பக்கவாட்டுச் சுவர்களையும் நட்டுத் துளைகளைச் சுற்றிய பள்ளங்களையும் முடித்துவிட்டு, கடைசியில் முகப்புக்கு வாருங்கள். முகப்பை முதலில் அடித்தால், பக்கங்களுக்கு அடிக்கும்போது பறக்கும் உலர்துளிகள் அதன் மேல் விழுந்து மணல் போல ஒட்டும். முதல் தடவை பாதிதான் மூட வேண்டும். அடியில் பிரைமர் தெரிந்தாலும் விட்டுவிடுங்கள். 10 முதல் 15 நிமிட இடைவெளியில், ஒவ்வொரு தடவையும் சக்கரத்தைக் கால் வட்டம் திருப்பி, மூன்று மெல்லிய தடவைகளில் முழுமையாக மூடலாம். மெட்டாலிக் வெள்ளி நிறமானால், கடைசித் தடவையைச் சற்றுத் தொலைவிலிருந்து பனி போலத் தூவினால் உலோகப் பொடி திட்டுத் திட்டாக நிற்காமல் சீராக அமரும். எங்கேனும் வழிந்துவிட்டால் ஈரத்தில் தொடாதீர்கள். மறுநாள் அந்த இடத்தை மட்டும் எண் 600 தாளால் மட்டம் செய்து மீண்டும் தூவுங்கள்.

கிளியர் கோட்டில் சிக்கனம் பார்க்க வேண்டாம். பிரேக் துகளையும் கல்லையும் கழுவும் தூரிகையையும் நேரடியாகத் தாங்குவது அதுதான். ஹார்டனர் கலக்கும் இருபொருள் கிளியர் கோட், தனிப்பொருள் வகையைவிடத் தெளிவாக உறுதியானது, பெட்ரோலுக்கும் கரையாது. ஆனால் அதன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் மூச்சுக்குழாயைப் பாதித்து ஆயுளுக்கும் நீடிக்கும் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது; அதற்கு வெளியிலிருந்து தூய காற்று தரும் முகக்கவசமும் தனி அறையும் வேண்டும். அந்த வசதி இல்லாத வீட்டில், குழந்தைகள் நடமாடும் முற்றத்தில், அதை அடிப்பதை நான் ஏற்க மாட்டேன். தனிப்பொருள் வகையையே மூன்று நான்கு தடவைகள் அடித்துக்கொள்ளுங்கள்; முதலாவது மெல்லியதாகவும், அடுத்தவை ஈரமாகப் பளபளக்கும் அளவுக்கும் இருக்கட்டும். தடவைகளுக்கிடையே எவ்வளவு நேரம் என்பதைக் கேனின் மேல் உள்ளபடியே பின்பற்றுங்கள். சில வகைகளை ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி அடிக்க வேண்டும், இல்லையேல் இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். இடையில் அடித்தால் கீழ்ப்பூச்சு சுருங்கித் தோல் போல மடிந்துவிடும். பிரைமர், வண்ணம், கிளியர் கோட் மூன்றையும் ஒரே நிறுவனத்தின் ஒரே வரிசையில் வாங்குவது இந்தச் சிக்கலைப் பெரும்பாலும் தவிர்க்கும்.

மறைப்பு அட்டைகளைக் கடைசித் தடவை தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்ததும், முழுவதும் இறுகுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். மறுநாள் எடுத்தால் விளிம்பில் பூச்சு பிய்ந்து வரும். ஒரு நாள் கழிந்தபின் சக்கரத்தைக் கையில் எடுக்கலாம் என்றாலும், உள்ளே இருக்கும் தின்னர் முழுவதும் வெளியேற ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். வண்டி தேவைப்படாதவர்கள் அந்த வாரம் முழுவதும் காத்திருப்பது நல்லது. புது டயர் மாட்டக் கொண்டுபோகிறவர்கள் கட்டாயம் காத்திருக்க வேண்டும். மாட்டும் எந்திரத்தின் நகங்களுக்குப் பிளாஸ்டிக் உறை போடும்படியும், விளிம்பில் கொக்கி போல மாட்டும் எடைக்குப் பதில் உட்புறம் ஒட்டும் எடையை வைக்கும்படியும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

வண்டியில் மாட்டும்போது ஹப்பின் முகப்பில் உள்ள துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுத்துவிட்டு, நட்டுகளை முதலில் கையால் சுழற்றி உட்காரவைத்து, குறுக்கு வரிசையில் சிறிது சிறிதாக இறுக்குங்கள். நட்டு உரசி வண்ணம் உதிராமல் இருக்க, துளைக்குள் போகும் ஸ்பானரின் மேல் ஒரு சுற்று டேப் சுற்றிக்கொள்ளலாம். சக்கரம் தரையைத் தொட்டபின், வாகனத்தின் கையேட்டில் உள்ள அளவுக்கு, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் முடியுங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் அதே அளவில் மீண்டும் ஒருமுறை சரிபாருங்கள். எவ்வளவு கவனமாக மறைத்திருந்தாலும் நட்டின் அடியில் ஏதேனும் பூச்சு சிக்கியிருந்தால் அது இந்தத் தூரத்துக்குள் நசுங்கித் தெரிந்துவிடும். முதல் மாதம் சாதாரண சோப்பு நீரும் மென்மையான துணியும் மட்டும் போதும். இரும்புத் துகள் கரைக்கும் திரவத்தையும் அழுத்த நீரையும் அதன்பிறகு பயன்படுத்தலாம். மிச்சமிருக்கும் வண்ணக் கேனைத் தலைகீழாகப் பிடித்து, வெறும் வாயு வரும்வரை ஒரு நொடி அழுத்தி முனையைச் சுத்தம் செய்து எடுத்து வையுங்கள். அடுத்த முறை கல் தெறித்த பொத்தல் ஒன்று கண்ணில் பட்டால், ஈரம் உள்ளே இறங்கும் முன் அதை அடைக்க அந்தச் சிறு மிச்சம் போதும்.